1938 கல்யாணச் சிட்டையில் 3 மணங்கு உருளைக்கிழங்கு: எந்த வழியாக வந்திருக்கும்?

வளவுவாசல் (காரைக்குடி)

எல்லோருக்கும் வணக்கம். மழை ஒழுகுகிறது என்று போன வாரம் இரண்டாங்கட்டில் உக்கிராண அறையை ஒழித்தோம். அண்டாக்களுக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி இருந்தது. உள்ளே நூல் போட்டுக் கட்டிய பழைய சிட்டைகள். அதில் ஒன்று எங்கள் ஐயாவின் (அப்பாவின் அப்பா) தங்கைக்கு, அதாவது அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) அயித்தை முறை, வெகுதானிய வருஷம் ஆவணி மாதம் நடந்த கல்யாணத்தின் சாமான் சிட்டை. 1938.

காய்கறிப் பக்கத்தைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கத்தரிக்காய், வாழைக்காய், பரங்கிக்காய், சேனை, கருணை எல்லாம் ஒரே வரிசையில் இருக்கின்றன. அப்புறம் குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே ‘சீமைக்காய் வகை’ என்று எழுதி நாலே வரி: உருளைக்கிழங்கு 3 மணங்கு, கோஸ், காரட், பீட்ரூட். உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் மட்டும் ‘அழுகல் பார்த்து எடுக்கவும்’ என்று பென்சிலில் ஒரு குறிப்பு. அதற்கு நேரே வண்டிச்சத்தம் (வண்டிக்கூலி) என்று ஒரு தொகை. தொகைக்கு முன்னால் மங்கிப்போன எழுத்தில் ‘மே பா மூடை’ என்று ஏதோ இருக்கிறது. புரியவில்லை.

இதைக் குடும்பக் குழுவில் போட்டதும் விவாதம் ஆரம்பித்துவிட்டது. கொண்டுவிற்கப் போன (கடல் கடந்து வியாபாரத்துக்குப் போன) நம் ஆட்கள்தான் பர்மாவிலிருந்து உருளைக்கிழங்கைக் கொண்டுவந்தார்கள் என்கிறார் ஒரு பெரியப்பச்சி. அம்மான், இல்லை, வெள்ளைக்காரன் ஊட்டியில் போட்டது என்கிறார். இந்தக் கிழங்கு எங்கே பிறந்து எப்படி நம் அடுப்படிவரை வந்தது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ‘மே பா’ என்னவென்று யாருக்காவது தெரிந்தாலும் சொல்லுங்கள்.

ரங்கூன்வீடு (தேவகோட்டை)

ஆச்சி, எங்கள் வீட்டிலும் பர்மா என்றுதான் சொல்வார்கள். ஐயா அங்கே ஒரு கடைக்குப் பெட்டியடிப் பையனாக (சின்ன உதவியாள்) போய் அடுத்தாள் (பொறுப்பாளருக்கு அடுத்தவர்) ஆகி, 1942ல் ஜப்பான்காரன் வந்தபோது நடந்தே திரும்பியவர். அங்கே ஷான் மலைப்பக்கத்துக் கிழங்கு நன்றாக இருக்கும் என்று அவர் சொன்னதாக அப்பத்தா சொல்லும். கவுனி அரிசி, தேக்கு, ரங்கூன் புட்டு எல்லாம் அந்த வழியாக வந்திருக்கும்போது கிழங்கு மட்டும் ஏன் வந்திருக்கக் கூடாது?

பழையபேரேடு (பள்ளத்தூர்)

முப்பது வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

பர்மாவா ஊட்டியா என்பது கடைசி இரண்டு ஊர் வழிதான். முதல் வழி தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் ஆரம்பிக்கிறது. இன்றைய பெருவின் தெற்கிலும் பொலிவியா எல்லையிலும், டிட்டிகாக்கா ஏரியைச் சுற்றியுள்ள மேட்டுநிலம். கடல்மட்டத்திலிருந்து 3,800 மீட்டர் உயரம். அங்கே மக்காச்சோளம் சரியாக விளையாது. குறைந்தது 7,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கிருந்த மக்கள் காட்டுக்கிழங்குகளிலிருந்து கசப்பும் நஞ்சும் குறைந்தவற்றைப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்து இன்றைய கிழங்கை உண்டாக்கினார்கள். கெச்சுவா மொழியில் அதன் பெயர் ‘பாப்பா’.

அவர்கள் செய்த ஒரு வேலையை நம் ஆச்சிமார்கள் கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள். நாம் சித்திரை வெயிலில் வற்றல் போடுவதுபோல அவர்கள் பனியில் வற்றல் போட்டார்கள். பனிக்காலத்தில் கிழங்கைப் புல்தரையில் பரப்பிவிடுவார்கள். இரவில் அது கல்லாக உறையும். பகல் வெயிலில் இளகும். இளகியதை வெறுங்காலால் மிதித்துத் தோலையும் நீரையும் பிரிப்பார்கள். சில நாள் இப்படியே செய்தால் எடை குறைந்து, கசப்புப் போய், கல்போலக் காய்ந்துவிடும். பெயர் ‘சுன்யோ’. வருஷக்கணக்கில் கெடாது. இன்கா அரசர்கள் இதைக் களஞ்சியங்களில் சேர்த்துவைத்துப் படைவீரர்களுக்கும் பஞ்சகாலத்துக்கும் கொடுத்தார்கள். பிறகு ஸ்பெயின்காரர்கள் பொட்டோசி வெள்ளிச் சுரங்கத்தில் அந்த மண்ணின் மக்களைப் பிடித்துவைத்து வேலை வாங்கியபோது, அவர்களுக்குப் போட்ட சாப்பாடும் இதுதான். அந்த வெள்ளியிலிருந்து வார்த்த காசு உலகமெங்கும் புழங்கியது.

1537ல் கொலம்பியா மலைகளில் ஸ்பெயின் படைவீரர்கள் இந்தக் கிழங்கைப் பார்த்து, மண்ணுக்குள் விளையும் ட்ரஃபிள் காளான்போல இருக்கிறது என்று குறித்தார்கள். ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் ‘கார்ட்டோஃபெல்’ என்பது அந்தக் காளானின் இத்தாலியப் பெயரிலிருந்து வந்ததுதான். ‘பொட்டேட்டோ’வும் இதன் சொந்தப் பெயர் இல்லை. கரீபியன் தீவுகளில் சர்க்கரைவள்ளிக்கு ‘பட்டாட்டா’ என்று பெயர். இரண்டும் ஐரோப்பாவுக்குப் போய்க் குழம்பி அந்தப் பெயர் இதற்கு ஒட்டிக்கொண்டது.

1567ல் கேனரி தீவிலிருந்து ஆன்ட்வெர்ப்புக்குப் பீப்பாயில் கிழங்கு போன பதிவு இருக்கிறது. 1573ல் செவில் நகரத்து மருத்துவமனை ஒன்றின் கணக்கிலும் கிழங்கு வாங்கியது ஏறியிருக்கிறது. ஆச்சி, உங்கள் சிட்டையைப் படித்ததும் எனக்கு அந்த மருத்துவமனைக் கணக்குத்தான் ஞாபகம் வந்தது. ராஜாக்கள் கல்வெட்டில் எழுதாததைக் கணக்கப்பிள்ளை எழுதிவைத்துவிடுகிறார்.

ஊரணிக்கரை (கானாடுகாத்தான்)

ஐயா, 1573லேயே கணக்கில் ஏறியது என்றால் ஐரோப்பா முழுக்கப் பரவ ஏன் இன்னும் இருநூறு வருஷம் ஆனது? அங்கே குளிருக்குப் பஞ்சமில்லையே.

பழையபேரேடு (பள்ளத்தூர்)

தம்பி, நல்ல கேள்வி. குளிர் மட்டும் போதாது, பகல் நீளமும் பொருந்த வேண்டும். ஆண்டிஸ் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம். ஆண்டு முழுக்கப் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம். அந்தக் கிழங்குச் செடி அந்தப் பகலுக்குப் பழகியது. ஐரோப்பாவின் கோடையில் பகல் 15, 16 மணி நேரம் நீளும். செடி இலையும் பூவுமாகத் தழைத்து நிற்கும், கீழே கிழங்கு வைக்காது. பகல் குறைந்து கிழங்கு வைக்க ஆரம்பிக்கும்போது உறைபனி வந்து செடியைக் கொன்றுவிடும். நீண்ட பகலிலும் கிழங்கு வைக்கும் செடிகள் தேறிவர நாளாயிற்று. தெற்கு சிலியின் சிலோயே தீவுப் பக்கத்துக் கிழங்குக்கு அந்தக் குணம் ஏற்கெனவே இருந்தது. இன்று உலகம் சாப்பிடும் வகைகளில் அந்த வம்சம் நிறைய.

அப்புறம் பயம். கத்தரிக் குடும்பத்து நச்சுச் செடிகளை அவர்களுக்குத் தெரியும். இது அவற்றைப்போல இருந்தது. தொழுநோய் வரும் என்றுகூட நம்பினார்கள். பிரஷ்யாவில் இரண்டாம் ஃபிரெடரிக் 1756ல் கிழங்கு போடச் சொல்லி ஆணையே பிறப்பித்தார். இன்றைக்கும் அவர் கல்லறையில் பூவோடு உருளைக்கிழங்கையும் வைத்துவிட்டுப் போகிறார்கள். அவரிடம் போர்க்கைதியாக இருந்த பிரெஞ்சு மருந்தாளர் பார்மன்டியே சிறையில் கிழங்கைத் தின்றே நன்றாக இருந்தார். ஊர் திரும்பி, வாழ்நாள் முழுக்க அதற்காக வாதாடினார். 1772ல் பாரிஸ் மருத்துவக் கழகம் இது உண்ணத்தக்கது என்று ஒப்புக்கொண்டது. ஐரோப்பாவில் ஓயாமல் போர் நடந்த காலம் அது. நெற்களஞ்சியம்போல வெளியே தெரியாமல் மண்ணுக்குள்ளேயே கிடப்பதால், கொள்ளையடிக்கும் படைக்குக் கிழங்கு அவ்வளவு எளிதில் கிடைக்காது. குடியானவன் இதைப் பிடித்துக்கொண்டதற்கு அரசர் ஆணையைவிட இது பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

அர்த்தாபல் (புதுவயல்)

என் பெயரைப் பார்த்துச் சிலர் கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் மூன்று தலைமுறை கொழும்பில் இருந்து திரும்பியவர்கள். சிங்களத்தில் உருளைக்கிழங்குக்கு ‘அர்த்தாபல்’ என்று பெயர். இது டச்சுக்காரர்களின் ‘ஆர்டாப்பல்’, மண் ஆப்பிள் என்று அர்த்தம். சின்ன வயதில் கடைக்காரரிடம் நான் முதலில் கற்ற சிங்களச் சொல் இதுதான், அதனால் வைத்துக்கொண்டேன்.

இந்தப் பெயர்களையே பிடித்துக்கொண்டு போனால் வழி தெரியும். மராத்தி, கொங்கணி, குஜராத்தியில் ‘பட்டாட்டா’ என்பார்கள். அது போர்ச்சுகீசியக் கப்பல் வந்த கரை. தெலுங்கில் ‘பங்காளாதும்ப’, அதாவது வங்காளக் கிழங்கு. கல்கத்தாப் பக்கமிருந்து இறங்கியது என்று பெயரே சொல்கிறது. இந்தியில் ‘ஆலு’. அது பழைய சொல். முன்னால் வேறு கிழங்குகளுக்கு இருந்ததை இதற்குக் கொடுத்துவிட்டார்கள்.

ரங்கூன்வீட்டு அண்ணே, பர்மியில் உருளைக்கிழங்குக்கு என்ன பெயர் தெரியுமா?

ரங்கூன்வீடு (தேவகோட்டை)

தெரியும். ‘ஆலூ’.

எழுதும்போதே புரிந்துவிட்டது. இந்திச் சொல் அங்கே போயிருக்கிறது என்றால் கிழங்கும் இங்கிருந்துதான் அங்கே போயிருக்க வேண்டும். நாம் கொண்டுவந்திருந்தால் பர்மியப் பெயர் நம்மிடம் இருந்திருக்கும். ஐயா அங்கே சாப்பிட்டது உண்மை, ரசித்ததும் உண்மை. வீட்டில் பல வருஷம் சொன்ன கதையை விடுவதற்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பெயருக்கு என்னிடம் பதில் இல்லை.

அர்த்தாபல் (புதுவயல்)

அண்ணே, ஐயா கதை முழுக்கப் பொய்யாகிவிடவில்லை. தினமும் சாப்பிட்டுப் பழகியவர்கள் திரும்பி வந்து இங்கேயும் கேட்டு வாங்கியிருப்பார்கள். கிழங்கு அந்த வழியாக வரவில்லை, ருசி வந்திருக்கலாம்.

வளவுவாசல் (காரைக்குடி)

அப்படியானால் தமிழில் ‘உருளைக்கிழங்கு’ என்பது? இதில் எந்த ஊரும் தெரியவில்லையே.

பழையபேரேடு (பள்ளத்தூர்)

தெரியாது ஆச்சி. மலையாளத்திலும் அதே பெயர்தான். உருண்டையாக இருந்தது, உருளை என்றோம். தமிழுக்குக் கிழங்கு புதிதில்லை என்பதால் வெளியூர்ப் பெயரைக் கடன் வாங்கத் தேவைப்படவில்லை. கருணை, சேனை, சேம்பு, சிறுகிழங்கு, வள்ளி என்று வரிசையாக இருந்ததில் இன்னொன்று வந்து சேர்ந்தது. நமக்குப் பக்கத்தில் இருக்கும் பிரான்மலைதான் பாரியின் பறம்பு என்பார்கள். கபிலர் அந்த மலையைப் பாடும்போது உழவர் உழாமலே கிடைக்கும் நான்கு உணவில் ஒன்றாக வள்ளிக்கிழங்கைச் சொல்கிறார். அந்த மலையிலிருந்து பார்த்தால் தெரிகிற ஊர்களில் இன்று ‘கிழங்கு’ என்றால் எதை நினைக்கிறோம்? பூரிக்குக் கிழங்கு என்றால் யாரும் எந்தக் கிழங்கு என்று கேட்பதில்லை. வந்து சுமார் இருநூறு வருஷமே ஆன கிழங்கு மொத்தக் கிழங்கு வர்க்கத்தின் பெயரையும் எடுத்துக்கொண்டது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. சிறுகிழங்கு சாப்பிட்ட பிள்ளைகள் இப்போது எத்தனை பேர்?

ஊரணிக்கரை (கானாடுகாத்தான்)

நான் விவசாயம் படித்தவன். போன வருஷம் எங்கள் வீட்டுப் பின்கட்டில் உருளைக்கிழங்கு போட்டுப் பார்த்தேன், அதைச் சொல்கிறேன்.

கடையில் வாங்கிய கிழங்கில் முளைவிட்டதை எடுத்து, ஒவ்வொரு துண்டிலும் இரண்டு கண் இருக்கும்படி வெட்டி, சாம்பல் தடவி ஒரு நாள் உலரவிட்டேன். செம்மண், மணல், மக்கிய சாணம் கலந்து ஆறு சாக்கில் நட்டது மாசி மாதம். பன்னிரண்டாம் நாள் முளைத்தது. செடி என்ன அழகு! முழங்காலுக்கு மேல் கரும்பச்சையாக நின்றது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். தொண்ணூறாம் நாள் சாக்கைக் கவிழ்த்தேன். முதல் சாக்கில் வேர்தான். இரண்டாவதில் கோலிக்குண்டு அளவில் நாலு. ஆறு சாக்கையும் கொட்டி இரண்டு கைகளால் அள்ளினால் ஒரு கைப்பிடிதான் தேறியது. அம்மா அதையும் விடாமல் கழுவி, தோலோடு வதக்கிக் கொடுத்தது.

காரணம் இரவு வெப்பம். இரவில் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் செடி, இலையில் செய்த மாவுச்சத்தைக் கீழே அனுப்பிக் கிழங்காக்கும். சூடாக இருந்தால் அந்தச் சத்தை இலைக்கும் தண்டுக்கும் மூச்சுக்குமே செலவழித்துவிடும். நம் ஊரில் பங்குனி இரவு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நட்ட மாதத்திலும் தப்புச் செய்தேன், கார்த்திகையில் போட்டிருந்தால் கொஞ்சம் கூடுதலாக வந்திருக்கும். ஆனாலும் சந்தைக்குக் கொண்டுபோகிற மாதிரி இங்கே விளையாது. ஆகவே ஆச்சியின் சிட்டையில் உள்ள 3 மணங்கும், ஒரு மணங்குக்கு 8 வீசை என்றால் சுமார் 34 கிலோ, நிச்சயம் வெளியிலிருந்து வந்ததுதான்.

இன்னொன்று. செடி பூத்தபோது அப்பத்தா பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, “இது தூதுவளைப் பூ மாதிரியில்ல இருக்கு” என்றது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. தூதுவளை, கண்டங்கத்திரி, சுண்டை, மணத்தக்காளி, கத்தரி எல்லாம் உருளைக்கிழங்கோடு ஒரே பேரினம், சொலானம். தக்காளியும் அதில்தான். 2025ல் வந்த மரபணு ஆய்வு ஒன்று, சுமார் 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தக்காளியின் மூதாதையும் கிழங்கு வைக்காத இன்னொரு செடியும் கலந்துதான் கிழங்கு வைக்கும் இந்த வம்சமே உண்டானது என்கிறது. ஏழாம் வகுப்புவரை படித்த அப்பத்தா பூவைப் பார்த்தே உறவைச் சொல்லிவிட்டது.

குன்னூர்மருமகள் (சொந்த ஊர் கோனாபட்டு)

இவ்வளவு நாள் படிக்க மட்டும் செய்தேன். இந்த இழையில் எழுதாமல் இருக்க முடியவில்லை. வாக்கப்பட்டு வந்த வீட்டில் நான்கு தலைமுறையாகக் கிழங்கு போடுகிறார்கள்.

ஆச்சி, உங்கள் சிட்டையில் ‘ஆவணி’ என்று இருப்பதுதான் விடை. வட இந்தியச் சமவெளியில் கிழங்கு குளிர்காலப் பயிர். ஐப்பசியில் நட்டு, தையிலிருந்து பங்குனிக்குள் எடுத்துவிடுவார்கள். குளிர்பதனக் கிடங்குகள் பெருகாத அந்தக் காலத்தில் அது சித்திரை வெயிலைத் தாண்டி ஆவணிவரை நல்ல நிலையில் இருக்காது. நீலகிரியில் மூன்று போகம் உண்டு. பெரிய போகம் சித்திரையில் நட்டு ஆடி, ஆவணியில் தோண்டுவது. ஆவணிக் கல்யாணத்துக்குப் புதுக்கிழங்கு வேண்டுமென்றால் மலையிலிருந்துதான்.

அப்புறம் ‘மே பா’. எனக்கு அது மேட்டுப்பாளையம் என்று தோன்றுகிறது. மலையில் விளைவதெல்லாம் இறங்கிச் சேரும் இடம் அது. இன்றைக்கும் கிழங்கு மண்டி அங்கேதான் பெரியது. கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 1873லேயே ரயில் வந்துவிட்டது. அங்கிருந்து குன்னூருக்கு 1899ல், ஊட்டிக்கு 1908ல் மலை ரயில். அதற்கு முன்னால் மாட்டுவண்டி. ஊட்டியில் கிழங்கைக் கொண்டுவந்து வைத்தது கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன், 1820களில். சீமைக் காய்கறி, பழம், பூச்செடி எல்லாவற்றையும் அவர் தோட்டத்தில் போட்டுப் பார்த்தார். பிறகு படுகர் குடியானவர்கள் கையில் அது பெரிய பயிரானது. பேர் சல்லிவனுக்குக் கிடைத்தது, சரிவில் பாத்தி கட்டி மண் அணைத்து வளர்த்தவர்கள் இவர்கள். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுசாகும்.

வளவுவாசல் (காரைக்குடி)

மேட்டுப்பாளையம் மூடை! கைக்கண்ணாடி வைத்து மறுபடி பார்த்தேன். ‘மே’க்கும் ‘பா’வுக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி இருக்கிறது, சுருக்கி எழுதியதுதான். நீங்கள் சொல்லாவிட்டால் காலம் முழுக்கப் புரிந்திருக்காது ஆச்சி.

இப்போது அங்கே கிழங்கு எப்படி இருக்கிறது? மார்க்கெட்டில் ‘ஊட்டிக் கிழங்கு’ என்று விலை கூட்டிச் சொல்கிறார்கள், ஆனால் ருசி ஒரு நாள் போல ஒரு நாள் இல்லை.

குன்னூர்மருமகள் (சொந்த ஊர் கோனாபட்டு)

பரப்பு ரொம்பக் குறைந்துவிட்டது. தேயிலை வந்தது ஒரு காரணம், அப்புறம் காரட். இன்னொரு காரணம் ஒரு புழு. 1961ல் ஊட்டிப் பக்கத்தில் தங்கநிற நூற்புழு என்பதைக் கண்டுபிடித்தார்கள். வேரில் கடுகைவிடச் சின்னதாக, பொன்முத்துப்போல ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முத்துக்குள்ளும் நூற்றுக்கணக்கில் முட்டை. செடி இல்லாவிட்டாலும் மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். அதனால் நீலகிரிக் கிழங்கை விதைக்கென்று வெளியூர் கொண்டுபோகத் தடை இருக்கிறது. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. புழுவைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா போன்ற வகைகள் அதற்காகவே வந்தவை. சிம்லாவுக்குப் பக்கத்தில் குஃப்ரி என்று ஓர் ஊர். கிழங்குச் செடி நன்றாகப் பூப்பதால் ஒட்டுச் சேர்க்கும் வேலை அங்கே நடக்கும். அதனால் இந்திய வகைகளுக்கெல்லாம் அந்த முன்பெயர்.

மாமனார் விதைக்கிழங்கை எடுக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கையில் உருட்டி, கண்ணை விரலால் தடவி, மூக்கில் வைத்துப் பார்த்துத்தான் கூடையில் போடுவார். அந்தக் கூடையில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது.

பழையபேரேடு (பள்ளத்தூர்)

அந்தப் பெரியவர் பயப்படுவதற்கு நியாயம் உண்டு. உருளைக்கிழங்கை விதை போட்டு வளர்ப்பதில்லை, கிழங்கை வெட்டி நடுகிறோம். ஆகவே ஒரு வயலில் உள்ள எல்லாச் செடியும் ஒரே செடியின் நகல். ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் வரும். அயர்லாந்தில் நடந்தது அதுதான்.

அங்கே நல்ல நிலமும் தானியமும் நிலப்பிரபுக்களிடம். குடியானவனுக்குத் துண்டு நிலம். அதில் ஒரு குடும்பத்தின் வயிற்றை நிரப்பக்கூடியது உருளைக்கிழங்கு ஒன்றுதான், அதிலும் பெரும்பாலும் ‘லம்பர்’ என்ற ஒரே வகை. 1845ல் கருகல் நோய் வந்தது. மாலையில் பச்சையாக இருந்த வயல் சில நாளில் கறுத்து நாறியது. தொடர்ந்து சில வருஷம். சுமார் பத்து லட்சம் பேர் பட்டினியிலும் காய்ச்சலிலும் செத்தார்கள். அதே அளவு பேர் கப்பலேறினார்கள். 1841ல் 81 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851ல் 65 லட்சம். அந்த வருஷங்களிலும் அயர்லாந்தின் தானியம் இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. அதனால் நோய் மட்டும் கொன்றது என்று நான் வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த நோய்க்குக் காரணம் பூஞ்சை போன்ற ஓர் உயிர் என்று ஆன்டன் டி பாரி 1861ல் நிரூபித்தார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை 1885ல் பிரான்சில் திராட்சைக்காக வந்து, இதற்கும் பயன்பட்டது.

ஊரணிக்கரை (கானாடுகாத்தான்)

போர்டோ கலவையை எங்கள் ஊரில் இன்றைக்கும் எலுமிச்சைக்குக் கலக்குகிறோம் ஐயா.

ஆனால் ஆண்டிஸ் குடியானவன் அந்த ஆபத்தில் விழவில்லை. ஒரே வயலில் கறுப்பு, ஊதா, மஞ்சள், கோணல், நீளம் என்று பல வகைகளைக் கலந்து போடுவான். ஒன்று பனியில் போனால் ஒன்று நிற்கும். அங்கே 4,000க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றைச் சேர்த்துவைக்க லிமாவில் 1971ல் பன்னாட்டு உருளைக்கிழங்கு மையம் தொடங்கினார்கள். கடல் தாண்டிப் போனது அதில் ஒரு கைப்பிடிதான். நம் நெல்லில் ஆயிரக்கணக்கான வகைகளை விட்டுவிட்டு நாலைந்தை வைத்துக்கொண்டிருக்கிறோமே, அதை நினைத்தால் எனக்கு அயர்லாந்து ரொம்பத் தூரத்தில் இருப்பதாகத் தெரியவில்லை.

அர்த்தாபல் (புதுவயல்)

தம்பி சொல்வது சரி. ஆனால் இந்தக் கிழங்கு செய்த நன்மையையும் சொல்ல வேண்டும். நேதன் நன், நான்சி சியான் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2011ல் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 1700லிருந்து 1900வரை பழைய உலகத்தில் பெருகிய மக்கள்தொகையில் ஏறத்தாழ கால் பங்குக்கு உருளைக்கிழங்கு காரணம் என்று வந்தது. எத்தனை தாய்மார்கள் பிள்ளைக்குச் சோறில்லாத நாளில் இதை வேகவைத்துக் கொடுத்திருப்பார்கள். இன்று சீனா முதலிடம், நாம் இரண்டாமிடம், வருஷத்துக்கு 5 கோடி டன்னுக்கு மேல் விளைவிக்கிறோம்.

மூன்றாங்கட்டு (நாச்சியாபுரம்)

சமையல் பக்கம் யாரும் வரவில்லையே. நான் கல்யாணச் சமையலுக்குப் போகிற குடும்பம்.

எங்கள் வீட்டுப் படைப்பில் உருளைக்கிழங்கு கிடையாது. காரட், கோஸும் கிடையாது. முன்னோருக்கு அவர்கள் சாப்பிட்ட காயைத்தான் வைக்க வேண்டும் என்பார்கள். பூரி ஜெகந்நாதர் கோயில் மகாபிரசாதத்திலும் உருளைக்கிழங்கு சேர்ப்பதில்லை. அதனால்தான் ஆச்சி வீட்டுச் சிட்டையில் கோடு போட்டுத் தனியாக எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். கல்யாண விருந்துக்கு வரலாம், படைப்புக்கு வரக்கூடாது. ஆனால் மிளகாயும் அதே அமெரிக்காவிலிருந்துதான் வந்தது. அது மட்டும் வரமிளகாயாக நம் வீடுகளில் எல்லாவற்றிலும் நுழைந்துவிட்டது.

ஐயா சொல்லிக்கொடுத்த வறுவல்: கிழங்கை முக்கால் வேக்காட்டில் இறக்கி, தோலுரித்து, ஆறிய பிறகுதான் வெட்ட வேண்டும். சூட்டோடு வெட்டினால் ஓரம் கரைந்து சட்டியில் ஒட்டும். இருப்புச்சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் சோம்பு, தட்டிய பூண்டு தோலோடு, சின்ன வெங்காயம். அப்புறம் கிழங்கு. மிளகாய், மல்லி, சோம்பு அரைத்த விழுதைப் போட்டு, கரண்டியால் கிளறாமல் சட்டியைத் தூக்கிக் குலுக்கிவிட வேண்டும். தீ சிறுசு. ஓரமெல்லாம் முறுகிச் சிவந்து, உள்ளே வெண்ணெய் மாதிரி இருக்கும். பழைய கிழங்கில்தான் இது வரும். புதுக்கிழங்கு ஈரம் விடும், அதைக் குழம்பில் போடுங்கள். வெளிச்சம் பட்டுப் பச்சை ஏறியதை எடுத்தே எறிந்துவிடுங்கள், அது நஞ்சு, வெந்தாலும் போகாது.

வளவுவாசல் (காரைக்குடி)

எல்லோருக்கும் நன்றி. நேற்றுச் சாயங்காலம் இந்த இழை முழுவதையும் அப்பச்சிக்கு வாசித்துக் காட்டினேன். வயது 91. அந்தக் கல்யாணத்தின்போது நாலு வயசுப் பிள்ளை, அது ஞாபகமில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்த கல்யாணங்களுக்கும் மூடை வந்ததைச் சொன்னார். சாக்கைப் பிரித்ததும் மலை மண்வாசம் வீடு முழுக்க வருமாம். நம் செம்மண் வாசம் மாதிரி இருக்காதாம், ஈரமாக, கறுப்பாக இருக்கும் என்றார். உக்கிராண அறையில் ஆற்றுமணலைப் பரப்பி, கிழங்கு ஒன்றோடொன்று படாமல் அடுக்கி, கதவைச் சாத்திவிடுவார்கள். பிள்ளைகளுக்குத்தான் வேலை. இருட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து, நாறுவதைத் தனியே போட வேண்டும். ஒன்றை விட்டுவிட்டாலும் மறுநாள் சுற்றி நாலு அழுகியிருக்கும், ஐயாவிடம் பேச்சு வாங்க வேண்டும்.

சிட்டையைக் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மை எழுத்தையெல்லாம் தாண்டி அந்தப் பென்சில் வரியில் விரலை வைத்தார். “இது கணக்கப்பிள்ளை எழுத்து இல்லை. எங்க அப்பச்சி எழுத்து” என்றார்.

படம் எடுத்து ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன்.